டாக்டரம்மாவுக்கு ஒரு போன்

வத்திராயிருப்பு கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அபுதாஹிர் ஒரு மாசமாக நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார். துணி எடுக்க வந்தவர்கள், பாய் நமக்கு மரியாதை கொடுக்கிறார் என்று பூரித்துப்போனார்கள். உட்கார முடியாத சங்கதி அவருக்கும் மனைவி அசீனாவுக்கும் மட்டும்தான் தெரியும். மூலம். போன வாரத்திலிருந்து ரத்தம் வேறு.

"சீவில்லிபுத்தூர் போயி டாக்டரம்மாவைப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் அசீனா.

"அந்த ரோட்டுல பஸ்ஸுல உக்காந்து போறதுக்கு நான் இங்கனயே மவுத்தாயிருவேன்ட்டி."

ரோடு ஒரு சாக்குதான். டாக்டர் ஜெயக்கொடி அசீனாவுக்குப் பிரசவம் பார்த்த அம்மா. அவர் முன்னால் போய்க் கைலியை அவிழ்ப்பதா? ஆம்பளை டாக்டரிடம் போகலாம் என்றால், அங்கே கம்பவுண்டராக இருப்பவன் அபுதாஹிரின் மச்சினன்.

அந்தச் சமயத்தில்தான் காளிராஜ் கடைவீதியில் எஸ்.டி.டி. பூத் திறந்திருந்தான். பஸ் ஏற முடியாதவர்கள் மதியத்தில் போன் பண்ணிக் கேட்கலாம் என்று ஜெயக்கொடியும் சொல்லியிருந்தார். முகம் தெரியாது, கை படாது. இதைவிட உத்தமமான வைத்தியம் உண்டா?

பூத்தின் கண்ணாடிக் கதவு முழுசாகச் சாத்தாது. வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அபுதாஹிர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு குசுகுசுத்தார்.

"டாக்டரம்மா, வத்திராயிருப்பு அபுதாஹிர். எனக்கு... உக்கார்ற எடத்துல..."

"கேக்கலை பாய். சத்தமாச் சொல்லுங்க."

"பின்னாடி..."

"எங்க?"

லைன் கரகரத்தது. அபுதாஹிர் பொறுமை இழந்தார்.

"மூலம்! மூலம்மா! ரத்தமாப் போகுது!"

வெளியே பேச்சு நின்றது. எதிர்த்த டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த கையும் நின்றது. தேங்காய் வியாபாரி ராக்கப்பன் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"பாய், எனக்கும் அதேதான். ரெண்டு பேருக்கும் சேத்தே மருந்து கேட்ருங்க."

"யாரு அது?" என்றார் டாக்டர்.

"இன்னொரு பேஷண்ட்டும்மா."

"அவரை அப்பறம் பாப்போம். உங்க குடும்பத்துல யாருக்காச்சும் குடல்ல கட்டி இருந்துச்சா?"

அபுதாஹிர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எங்க அத்தாவுக்கு. அதுலதான் போனாக."

தகப்பனார் போன கதையை மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் இந்தத் தடவை அங்கே கேட்டுவிட்டது.

"அப்ப இது போன்ல பாக்குற விஷயம் இல்லை. நாளைக்கே வாங்க."

"ஒரு மாத்திரை மட்டும் சொன்னீகன்னா..."

"சொன்னா நீங்க வரமாட்டீங்க. உங்கள மாதிரி ஆளுகளாலதான் எனக்கு இந்தப் போன் வைத்தியமே பிடிக்கலை." ரிசீவரை வைத்துவிட்டார்.

வீட்டில் அவர் நடந்ததைச் சொல்லக் கேட்டுக்கொண்டே சோறு போட்ட அசீனா, "வெக்கப்பட்டுக்கிட்டுதான் போகலைன்னு நெனைச்சேன்" என்றாள்.

"வெக்கம் பாதிதான். பயம்ட்டி."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். "சீட்டு கெடக்கே பாய், உக்காருங்க" என்றார் கண்டக்டர். "அவருக்கு மூலம்ப்பா, விடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ்ஸே அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்தது.

டாக்டர் சோதிக்கும்போது அபுதாஹிர் கண்ணை இறுக மூடி, கடைச் சரக்கை மனசுக்குள் வரிசையாகச் சொன்னார். பாப்ளின், மல், வாயில் சேலை... லுங்கிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

"மூலம்தான் பாய். கட்டி ஒண்ணும் தட்டுப்படலை. எதுக்கும் மதுரையில குழாய் விட்டுப் பாத்துருவோம்."

மதுரையிலும் கட்டி இல்லை என்றே சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அசீனா அழுதாள். அழுது முடித்ததும், ஒரு மாசம் அந்தப் பயத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கிட்டு இருந்ததற்காக அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் ராக்கப்பன் கடைக்கு வந்தார். துணியைப் பார்ப்பதுபோல நின்று, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

"வலிக்குமா பாய்?"

"செத்த நேரம் வலிக்கும்" என்றார் அபுதாஹிர். "நாளைக்குப் போவோமா? நானும் கூட வாரேன்."