இது என்னன்னு சொல்லு

லேத் பட்டறைக்கு அன்று மின்தடை. காலையிலேயே முதலாளி போன் செய்து, "மேஸ்திரி, இன்னிக்கு வர வேணாம், வீட்டுல நல்லாத் தூங்குங்க" என்றார். பழைய நாளாக இருந்தால் மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல்லாகியிருக்கும். இப்போது அந்த வீட்டில் பகல் முழுக்கச் சும்மா இருப்பதைவிட அவருக்குப் பெரிய தண்டனை வேறில்லை. வீட்டம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றாள், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதைவிடக் கொடுமை, மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் தூரத்து ஊரில், எட்டாம் மாதம். இரண்டு முறை இரத்தம் பட்டுவிட்டது. படுக்கையை விட்டு எழவே கூடாது, அதிர்ச்சி எதுவும் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மேஸ்திரியும் மாப்பிள்ளையும் கலந்து பேசி ஒரு பொய்யைத் தயார் செய்தார்கள். அம்மாவுக்குத் தொண்டையில் சின்ன ஆபரேஷன், கொஞ்ச நாளைக்கு வாய் திறக்கக் கூடாது. அந்த அம்மாள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வாயை மூடிக்கொண்டிருந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பொய் சொல்வதில் இரண்டு ஆண்களுக்கு இருந்த சாமர்த்தியம் அவ்வளவுதான்.

பத்து மணி வாக்கில் மகளே கூப்பிட்டாள்.

"அப்பா, செம போர். தலைக்கு மேல ஓடுற ஃபேனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. நம்ம வீட்டுச் சாமானை எல்லாம் கிட்டக்க வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஒரு மூலை மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் என்னன்னு சொல்றேன்."

"சொல்லலைன்னா?"

"பொறக்கப்போற பிள்ளைக்கு உங்க பேரை வச்சிடுறேன்."

"ஐயோ பாவம், அது என்ன குத்தம் பண்ணுச்சு? அந்தப் பேரோட நான் பட்டது போதாதா, பாப்பா?"

முப்பது வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். பாப்பாவுக்கே ஒரு பாப்பா வரப்போகிறது என்பதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். ஜன்னலில் இருந்த வீட்டம்மாவின் மூக்குக்கண்ணாடி பக்கம் போகவில்லை. பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, வாசலில் கிடந்த செருப்பு, இவற்றையும் தவிர்த்தார். மாலை போட்ட படத்தை வீடியோ காலுக்குப் பயந்து என்றைக்கோ பீரோவுக்குள் வைத்துப் பூட்டியாகிவிட்டது. மிச்சமிருந்ததில் முதலில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கத்தை எடுத்து அனுப்பினார்.

"இஸ்திரிப் பெட்டி! அந்தக் கறுப்புக் கறை என் ஸ்கூல் பாவாடை. பொசுக்கிட்டு, கரண்டு மேல பழியைப் போட்டீங்க."

ஃபிரிட்ஜ் கதவின் துரு, குளியலறைக் குவளையின் ஓட்டை, கடிகாரத்தின் முதுகு எல்லாம் அனுப்பினார். அனுப்பிய வேகத்தில் பதில் வந்தது. மேஸ்திரிக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. நாற்காலியின் மேல் ஏறி, தரையில் குப்புறப் படுத்து, சின்னப் பையனைப் போல எடுத்தார். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தும்விட்டார்.

அந்த வேகத்தில் சமையலறைக்குள் போனார். அடுப்பின் மேல் பால் பாத்திரம் இருந்தது. அதன் கைப்பிடி அவரே பட்டறையில் கடைந்து போட்டது. கொஞ்சம் பெருமையாகவே படம் எடுத்து அனுப்பினார்.

இந்தத் தடவை பதிலுக்குப் போனே அடித்தது.

"பால் பாத்திரத்துக் கைப்பிடி" என்றாள்.

"அதேதான். தோத்துட்டேன் போ."

"கைப்பிடி ஏம்ப்பா வலது பக்கம் இருக்கு?"

வீட்டம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அந்த வீட்டில் கைப்பிடிகள் எல்லாம் இடது பக்கம் பார்த்துத்தான் நிற்கும். கல்யாணமான புதிதில் மேஸ்திரி அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்து, கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் பழகிப்போனவர். இப்போது நிமிர்ந்து பார்த்தார். கரண்டிகள் வலப்பக்கம் மாட்டியிருந்தன. கத்தி, தீப்பெட்டி, டீத்தூள் டப்பா, பிடிதுணி எல்லாமே இடம் மாறி வலப்பக்கம் வந்திருந்தன. எப்போது மாற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. மாற்ற வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அவள் அங்கே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

"நான்தான் பால் காய்ச்சினேன், பாப்பா. உங்கம்மாவை அடுப்புப் பக்கமே விடுறதில்ல."

"போட்டோவுல பின்னாடி தெரியிற கரண்டியும் மாறியிருக்குப்பா. ஆபரேஷன் தொண்டையிலதானே? அம்மா நடமாடுற வீட்டுல, ஒரு பொழுதாவது இப்படி விட்டு வைப்பாங்களா?"

மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பப்பா?" என்றாள்.

"நீ படுத்துத்தானே இருக்கே? மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. இத்தனை நாளா அவர் மூஞ்சியைப் பார்த்தே பாதி தெரிஞ்சுபோச்சு. மீதிக்குத்தான் போட்டோ கேட்டேன்."

சொன்னார். திக்கித் திணறி, முன்னுக்குப் பின்னாக, எல்லாவற்றையும் சொன்னார்.

"ரொம்ப வலிச்சுதாப்பா அவங்களுக்கு?"

"இல்லம்மா. ரொம்ப நேரம் இல்ல."

மூச்சை நிதானமாக இழுத்து விடும் சத்தம் மட்டும் கேட்டது. இழுத்தாள், விட்டாள். மேஸ்திரி தன் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே கேட்டார்.

"பாப்பா, அழுதுடாத என் கண்ணு. உனக்கு ஆகாது."

"தெரியும்ப்பா. இவன் இன்னும் கொஞ்ச நாள் உள்ள இருக்கணும். நான் அழ மாட்டேன்." குரல் உடையப் பார்த்தது, நிறுத்திக்கொண்டாள். "நீங்க அழுங்கப்பா. எனக்கும் சேத்து அழுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அழுதால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று இத்தனை நாளும் தொண்டைக்குள்ளேயே அடைத்து வைத்திருந்த மனிதர், சமையலறைத் தரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதார். வெகுநேரம் அழுதார். மகள் போனை வைக்கவில்லை.