டி எட்டில் நின்ற யானை

காலை ஏழு மணிக்கு டெலிபோன் அடித்தால் அது அண்ணன்தான். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முப்பத்தொரு வருடம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரைத் திறந்து மூடியவர். ஓய்வு பெற்ற பிறகும் கடிகாரத்தோடு அவருக்கு இருந்த உடன்படிக்கை அப்படியே இருந்தது. பாப்பா ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் பென்சிலுமாக எடுப்பாள். ஐம்பதைத் தொட இரண்டே வருடம் பாக்கி இருக்கும் அவளுக்கு, அண்ணன் வைத்த அந்தச் செல்லப் பெயரே நிலைத்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையிலும் அவள் பாப்பாதான்.

நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் அண்ணன் கேட்க மாட்டார். குதிரை எஃப் ஆறுக்கு என்பார், வைத்துவிடுவார். செஸ் பலகையின் கட்டங்களை அவர் தியேட்டர் நாற்காலிகளைச் சொல்வது போலத்தான் சொல்வார். பாப்பாவுக்கும் அப்படித்தான் மனதில் பதிந்தது. சி வரிசையில் நாலாவது இடம் காலி, அங்கே சிப்பாய் போய் உட்காருகிறான், அவ்வளவுதான் விஷயம்.

அவள் அதை ஒரு சீட்டில் எழுதிப் பலகை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அவளுடைய வீட்டுக்காரர் பேக்கரியில் மாஸ்டர். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டப் போனவர் மதியம் வந்து, தூங்கி எழுந்து, சீட்டைப் பார்த்து, மோவாயைத் தேய்த்துத் தேய்த்து யோசிப்பார். மாலை ஆறு மணிக்குத் தன் பதில் நகர்த்தலை அவளிடம் சொல்வார். அவள் அதை அண்ணனுக்குப் போன் செய்து சொல்வாள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு நகர்த்தல். ஓர் ஆட்டம் முடிய இரண்டு மாதம்கூட ஆகும்.

இவர்களே நேராகப் பேசிக்கொள்ளக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். முதலில் அப்படித்தான் இருந்தது. அண்ணி இறந்த பிறகு அண்ணன் வேறோர் ஊரில் தனியாக இருந்தார். ஆட்டத்தை ஆரம்பித்து வைத்ததே மாஸ்டர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே தன் கணவரின் ஆயிரம் குறைகளை மன்னிக்கலாம் என்று பாப்பா நினைத்ததுண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், குதிரை சி மூன்றில் இருக்கிறதா டி மூன்றில் இருக்கிறதா என்று வாய்த் தகராறு வந்தது. மாஸ்டர் சும்மா இருக்காமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கச் சொன்னார். அண்ணன் போனை வைத்தார்.

வைத்தவர் மூன்று மாதம் எடுக்கவேயில்லை. தங்கை அழைத்தாலும் எடுக்கவில்லை. பாப்பா பதறியடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். வீட்டில் இருந்த எல்லாக் கோப்பைகளும் கழுவாமல் மேஜை மேல் இருந்தன. காலண்டரில் இரண்டு மாதம் கிழிக்கப்படவில்லை. அவர் திரைச்சீலையைக்கூட விலக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். அதற்கு அவளிடம் ஆட்டம்தான் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரையும் திரும்ப உட்கார வைத்தாள். இனிமேல் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டாம், எல்லாம் தன் வழியாக என்று ஒப்பந்தம். அன்றிலிருந்துதான் ஏழு மணி போன். அது ஒரு நாள் அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கோப்பைகளை அவள் மறக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குச் சுத்தம் செய்யும் வெறி பிடித்தது. மாஸ்டர் பேக்கரிக்குப் போயிருந்தார். ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தவள், பலகையின் ஓரத்தையும் கொஞ்சம் துடைக்கலாமே என்று கையை நீட்டினாள். சட்டைக் கை பட்டு நாலு காய்கள் உருண்டன. அவள் அசரவில்லை. இத்தனை நாள் எழுதியவளுக்கு எது எங்கே என்று தெரியாதா? நாலையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். மூன்று சரி. அண்ணனுடைய கறுப்பு யானை மட்டும் இ எட்டில் நிற்க வேண்டியது, பக்கத்து நாற்காலியான டி எட்டில் போய் உட்கார்ந்துவிட்டது.

மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை மாலை, இ வரிசை வெறுமையாகக் கிடக்கிறதே என்று தன் ராணியைத் தைரியமாக இ நாலில் கொண்டுபோய் நிறுத்தினார். பாப்பா அதை ஒழுங்காக அண்ணனுக்குச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு டெலிபோன் அடித்தது. எடுத்ததும் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. அது சிரிப்பு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணி போன பிறகு அவர் சிரித்து அவள் கேட்டதில்லை.

"பாப்பா, உன் வீட்டுக்காரர் தூக்கத்துல ஆடுறாரா? என் யானைக்கு நேர் எதிர்ல ராணியக் கொண்டாந்து வச்சிருக்காரு. வெட்டிட்டேன்னு சொல்லு. இன்னைக்கு நான் வெளிய போய் நடந்துட்டு வரப்போறேன்."

பாப்பா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். யானைக்கு எதிரில் ராணி இல்லை. யானை டி வரிசையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மேஜை துடைத்த துணி, சட்டைக் கை, உருண்ட காய்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை. சொன்னால் என்ன ஆகும்? மாஸ்டர் ராணியைத் திரும்பக் கேட்பார். அண்ணன் கொடுக்க வேண்டியிருக்கும். யானை எங்கே நின்றது என்று மறுபடி ஆரம்பிக்கும். நடக்கக் கிளம்பிய மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதே நாற்காலியில் போய் உட்காருவார். பாப்பா பென்சிலை வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு சீட்டில், அண்ணன் சொல்லாத ஒரு நகர்த்தலை எழுதினாள்: சிப்பாய், ஏ ஆறு. யாருக்கும் கெடுதல் செய்யாத சாதுவான நகர்த்தல்.

அன்றிலிருந்து ஆட்டம் இரண்டாகப் பிரிந்தது. தினமும் எழுதி எழுதியே எந்தக் காய் எப்படிப் போகும் என்பது அவளுக்குப் பிடிபட்டிருந்தது. மாஸ்டரோடு அண்ணன் பெயரில் ஆடியது பாப்பா. அண்ணனோடு மாஸ்டர் பெயரில் ஆடியதும் பாப்பா. ராணி போனதற்கு மாஸ்டர் என்ன சொன்னார் என்று அண்ணன் ஆவலாகக் கேட்டபோது, முகத்தில் ஈயாடவில்லை என்று கூசாமல் பொய் சொன்னாள்.

வீட்டுப் பலகை மாஸ்டருக்கு. அண்ணனுடைய ஆட்டத்துக்குத் தனிப் பலகை வேண்டுமே. சலவைக் கடையில், துணிகளிலிருந்து அறுந்து விழும் பட்டன்களைப் போட்டு வைக்கும் தகர டப்பா ஒன்று உண்டு. சட்டைகளை மடித்து வைக்கும் அட்டை ஒன்றின் பின்புறம் அறுபத்துநாலு கட்டம் போட்டாள். கோட்டுப் பட்டன் ராஜா, சட்டைப் பட்டன்கள் சிப்பாய்கள், இரண்டு துளை பட்டன் குதிரை, நாலு துளை யானை. மதிய இடைவேளையில், இஸ்திரி ஆவிக்கு நடுவே, அவள் அதன் எதிரில் உட்கார்ந்து ஒரு கையால் சாப்பிட்டபடி யோசித்தாள்.

முதல் வாரம் பயத்தில் ஆடினாள். இரண்டாவது வாரம் அந்தப் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. மணி ஒன்று எப்போது அடிக்கும் என்று காலையிலிருந்தே பார்க்க ஆரம்பித்தாள். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால் இதுவரை அவளிடம் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. மற்றவர்களின் பொழுதுபோக்குக்குத் தபால்காரி வேலை பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியுமா? இப்போது ஒரு மந்தமான மத்தியானத்தில் குதிரை ஒன்று எங்கிருந்தோ தாவி இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் மிரட்டியபோது, அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம்.

அவளுக்கு ஒரு பெரிய வசதியும் இருந்தது. அண்ணன் இப்போது போனை உடனே வைப்பதில்லை. ராஜாவை எந்தப் பக்கமாக மடக்கப் போகிறார் என்று தங்கையிடம் முழுத் திட்டத்தையும் ஒப்பித்தார். மாஸ்டர் சாப்பிடும்போது அவர் திட்டத்தை ஒப்பித்தார். எதிரி தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பிறகு சண்டைக்கு வந்தால் அவர் எப்படி ஜெயிப்பார்? ராணி இல்லாமலே உன் வீட்டுக்காரர் இவ்வளவு நன்றாக ஆடுவார் என்று தெரியாது என அண்ணன் வியந்தார். உங்கள் அண்ணன் ஆட்டம் கூர்மையாகிவிட்டது, வீட்டில் ஏதாவது புத்தகம் படிக்கிறாரா என்று மாஸ்டர் சந்தேகப்பட்டார். பாப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினாள். பெருமையை வெளியே காட்ட முடியாமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வாரக் கடைசியில் அவளுக்குக் கை துறுதுறுத்தது. மாஸ்டரின் ராஜா ஜி ஒன்றில், தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாகப் பதுங்கியிருந்தார். பத்திரம் என்று மாஸ்டர்தான் நினைத்தார். டி வரிசை முழுவதும் திறந்து கிடந்தது. அங்கே அவள் தப்பாக வைத்த அந்த யானை மூன்று வாரமாக நகராமல் நின்றது. உங்கள் அண்ணனுக்கு நேர்க்கோடு கண்ணிலேயே படாது என்று முந்தைய நாள்தான் மாஸ்டர் சொல்லிச் சிரித்திருந்தார். ஆட்டம் நீள வேண்டும், ஜெயிக்கக் கூடாது என்று அவள் வைத்திருந்த கட்டுப்பாடெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. யானை, டி ஒன்று என்று எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலை ஆறு மணிக்கு வந்தபோது மாஸ்டர் பலகை எதிரில் உட்கார்ந்திருந்தார். ராஜா படுத்துக்கிடந்தார். கோபம் வரும் என்று அவள் நினைத்தாள். வரவில்லை. இந்த ஆட்டத்தில் தோற்றதுகூடப் பெருமைதான் என்றார். பிறகு ஒன்றரை வருடமாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். டெலிபோனை எடுத்து அண்ணனின் எண்ணைச் சுழற்றினார். பாப்பா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"மச்சான், நான்தான். அந்த யானைய இவ்வளவு நாளா சும்மா நிக்க வச்சிருந்தீங்களே, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம். நான் தோத்துட்டேன்."

அந்தப் பக்கம் அண்ணன் நெடுநேரம் பேசினார். மாஸ்டரின் முகம் மெல்ல மாறியது. அவர் பலகையைப் பார்த்தார், தன் ராணியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு பாப்பாவைப் பார்த்தார்.

"ராணி செத்து மூணு வாரம் ஆச்சாம். ஆட்டம் இன்னும் முடியலையாம். என்ன நடக்குது இந்த வீட்டுல?"

பாப்பாவிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை. துணியிலிருந்து ஆரம்பித்து, யானை, அந்தச் சிரிப்பு, பட்டன் டப்பா வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். டெலிபோனுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். அண்ணன் சிரித்ததால்தான் சொல்லவில்லை, அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை என்றும் சொன்னாள்.

போனை வைக்கும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அது கேட்கவில்லை. மாஸ்டர்தான் பேசினார்.

"மச்சான், இருக்கீங்களா? அப்ப நாம ரெண்டு பேரும் மூணு வாரமா இவகூடதான் ஆடியிருக்கோம். நான் தோத்தாச்சு. உங்க நிலைமை எப்படி?"

அண்ணன் என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் டெலிபோனை நீண்ட ஒயரோடு இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பாப்பா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, படுத்துக்கிடந்த ராஜாவின் எதிரில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கதவுக்குப் பின்னால் முதலில் முணுமுணுப்பு, பிறகு வாக்குவாதம் மாதிரி ஏதோ. அவள் எழுந்து கதவருகே போனாள். வாக்குவாதம் இல்லை. ஜி வரிசை, எச் வரிசை என்று இரண்டு பேரும் ஏதோ கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஏழு மணிக்கு மேல் கதவு திறந்தது. அவர் முகம் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸப் பிடிச்சு வர்றாராம். நேர்ல உக்காந்து ஆடணுமாம். என்கூட இல்ல, உன்கூட."

அண்ணி போன பிறகு அண்ணன் அந்த ஊரை விட்டு நகர்ந்ததில்லை. பாப்பாவுக்குக் கண் நிறைந்தது. அழுதுகொண்டே கைப்பையைக் கீழே வைத்தாள், புறங்கையால் முகத்தைத் துடைத்தாள், படுத்திருந்த ராஜாவை எடுத்து நிமிர்த்தி நிறுத்தினாள்.

"வரட்டும்" என்றாள். "எனக்கு வெள்ளைக் காய் வேணும்னு இப்பவே சொல்லி வைங்க."