சொந்த ரேடியோ

மலை மேலிருந்த லாட்ஜின் கூடத்தில் டிவியின் பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு லாட்ஜ் எலக்ட்ரீசியன் மரியஅந்தோணி டார்ச் அடித்துப் பார்த்தான். கட்டைவிரல் பருமனிருந்த கண்டென்சரின் தலை உப்பியிருந்தது. அடியில் பழுப்பாகக் கசிவு.

"இது போயிருச்சுங்க சார். சேலத்துலருந்து புதுசு வாங்கியாந்துதானுங்க போடோணும்."

மேனேஜர் ராமசாமி கடிகாரத்தைப் பார்த்தார். "மேட்சுக்கு அரை மணி நேரந்தான் இருக்குது. மெட்ராஸ் பார்ட்டி உக்காந்திருக்காங்க. ஸ்டோர் ரூம்ல பழைய செட்டு கெடக்குதில்ல, அதுலருந்து கழட்டிப் போடு."

"அது நாலு வருசமா ஈரத்துல கெடக்குதுங்க. கரண்ட் குடுத்தா வெடிச்சாலும் வெடிச்சிருமுங்க."

"முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. வேற ஆள வெச்சுக்கறேன்."

மரியஅந்தோணி ஸ்டோர் ரூமுக்குப் போனான். பழைய செட்டிலிருந்து எடுத்ததை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். சுவிட்சைப் போட்டான். படம் வந்தது, ஆனால் நெளிந்தது. மீட்டர் முனையை வைக்கக் குனிந்தபோது கண்டென்சர் டப்பென்று வெடித்தது. அதன் அலுமினியக் கூடு வலது கண்ணில் அடித்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"வேற டிவி இல்லீங்களா?" என்று சோபாவிலிருந்து ஒருவர் கேட்டார்.

லாட்ஜ் ஜீப் வேறு விருந்தாளிகளோடு சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தது. காப்பி எஸ்டேட் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த மனைவி இன்பமேரி பஸ்ஸில்தான் அவனைக் கீழே கூட்டிப்போனாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் அவள் தோளில் முட்டி முனகினான். மறுநாள் சேலம் ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவனைக் கூட்டிக்கொண்டு அவள் மலைக்குத் திரும்பியபோது எஸ்டேட் ரைட்டர் ஆள் கணக்கிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டிருந்தார். லாட்ஜிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான்.

ராமசாமி ஒரு தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா. அந்தோணியால இனிமே வேல பாக்க முடியாது. ஒனக்குக் கூட்டிப் பெருக்கற வேல குடுக்கச் சொல்லி மொதலாளி சொல்லிட்டாரு."

அவள் படித்தாள். 'என் கணவர் எங்கள் வீட்டில் சொந்த ரேடியோவைப் பழுதுபார்த்தபோது கண் போய்விட்டது; லாட்ஜுக்கு இதில் பொறுப்பில்லை.'

"எங்க ஊட்டுல ரேடியோவே இல்லீங்களே சார். கரண்டே இன்னும் வரலீங்க."

அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தாளை அவள் பக்கம் இன்னும் தள்ளினார். பிறகு பேனா மூடியைத் திருகினார். "அத யாரு வந்து பாக்கப் போறாங்க?"

ஒற்றைக் கண்ணில் கட்டோடு வீட்டில் கிடப்பவனை நினைத்துக்கொண்டாள். மிஷன் பள்ளியில் பழகிய குண்டு எழுத்தில் தன் பெயரை எழுதினாள்.

திங்கட்கிழமை துடைப்பமும் வாளியும் கொடுத்து அவளைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். சேலத்து மெக்கானிக் புதுக் கண்டென்சர் போட்டிருந்தான். படம் தெளிவாக ஓடியது. டிவிக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில், வெடித்துத் தெறித்த பழுப்புக் காகிதமும் வெள்ளித் தாளும் காய்ந்து ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. துணியை நனைத்துத் தேய்த்தாள்.

"ஏம்மா, தள்ளு. மறைக்குது," என்றது சோபாவிலிருந்து ஒரு குரல்.

இன்பமேரி சுவரோரம் ஒடுங்கிக் குந்தி, கையை மட்டும் நீட்டித் தேய்த்தாள்.