ராகுகாலத்துக்கு முந்திக்கொண்ட கடிகாரம்

என் கல்யாணம் நின்றுபோக இருந்ததற்கு ஜாதகம் காரணமில்லை, சீர்வரிசையும் காரணமில்லை. ஒரு சுவர்க் கடிகாரம்தான் காரணம். இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். அவளுக்கென்ன, கையில் இருக்கிற போனில் ஊருக்கெல்லாம் ஒரே மணி. எழுபத்தொன்பதில் சங்ககிரிக்கு ஒரு மணி, நாமக்கல்லுக்கு ஒரு மணி. அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

அப்பா நாச்சிமுத்து சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ரோட்டைப் பார்த்து ஆபீஸ், அதற்குப் பின்னால் எங்கள் வீடு. எங்களுக்கும் நாமக்கல்லில் இருந்த இன்னொரு ஆபீசுக்கும் லோடு பொது. வடக்கே போகிற லோடு வந்தால், இரண்டு ஊரிலும் காத்து நிற்கிற லாரிகளில் எது முதலில் வந்து பதிந்ததோ அதற்குத்தான் கிடைக்கும். நாமக்கல்லில் பதிகிறவர் குமாரசாமி. அவருக்கும் எனக்கும் தை மாதம் உப்புச்சர்க்கரை மாற்றிக் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது.

மாசியில் வம்பு ஆரம்பித்தது. ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்த லாரி என்றால் நாமக்கல் லாரிதான் முந்தியதாக இருந்தது. எங்கள் டிரைவர்கள் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார்கள். முதலில் எல்லோரும் டெலிபோனைத்தான் திட்டினோம். லாரி வந்ததைச் சொல்ல நாமக்கல்லுக்குக் காலையில் டிரங்கால் புக் பண்ணினால் மத்தியானம்தான் லைன் கிடைக்கும். லைன் கிடைத்த நேரத்தையே எங்கள் லாரி வந்த நேரமாக அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். “வண்டி வந்த மணிய நானே சொல்றேன், அத எழுதட்டும்” என்றார் அப்பா. அப்படியே செய்தார்கள். கொஞ்சம் சரியானது. ஆனாலும் போட்டி நெருங்கி வந்தபோதெல்லாம் மயிரிழையில் எங்கள் லாரியே தோற்றது.

இனி டெலிபோனைக் குறை சொல்ல முடியாது. பழி குமாரசாமி தலையில் விழுந்தது.

“மணியத் திருத்தி எழுதறவன் நாளைக்கு ஊட்டுல என்ன பண்ணுவான்? திருட்டுப்பய. வெள்ளிக்கெழம போயி பேச்ச முறிச்சுட்டு வாரேன்” என்று அப்பா ஆபீசிலேயே அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

குமாரசாமியை அதுவரைக்கும் நான் நேராகப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பொய் எழுதுகிற ஆள் என்று மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தினமும் ரேடியோவில் ஏழேகால் செய்தி ஆரம்பித்ததும் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோவேன். போய்ச் சேரும்போது ஆபீஸ் கடிகாரம் ஏழரையைத் தாண்டியிருக்கும். நான்தான் அசைந்து அசைந்து வருகிறேன் என்று அம்மா திட்டுவாள், நானும் நம்பியிருந்தேன். அந்தப் புதன்கிழமை எனக்கு வந்த கோபத்தில் வாசலைத் தாண்டி ஓட்டமாக ஓடினேன். பாதிக் காப்பி தரையில் சிந்தியது. நிமிர்ந்து பார்த்தால் கடிகாரம் அப்போதும் ஏழரையைத் தாண்டித்தான் நின்றது.

“அப்பா, நம்ம கடிகாரம் வேகமா ஓடுதுங்க” என்றேன்.

“ரேடியோக்காரன் அவன் இஷ்டத்துக்கு வாசிப்பான். அத நம்பி என் கடிகாரத்தக் குத்தம் சொல்றியா?”

“நாமக்கல்லுலயும் அதே நேரத்துக்குத்தான் வாசிக்கறாங்களான்னு கேட்டுப் பாத்துரலாமுங்க.”

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த வசந்தாமணி என்னோடு படித்தவள். மறுநாள் காலையில் செய்தி நேரத்துக்கு நாமக்கல் லைனை எங்களுக்கென்று பிடித்துவைத்தாள். வீட்டு ரேடியோவை ஆபீஸ் மேசைக்குக் கொண்டுவந்தேன். திருடனோடு பேசமாட்டேன் என்று அப்பா ரிசீவரை என்னிடம் தள்ளிவிட்டார். கட்டிக்கப்போகிறவரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“உங்க ரேடியோவப் போனுகிட்ட வெக்கறீங்களா?”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “வெக்கறேனுங்க.”

அப்பா ரிசீவரைப் பிடுங்கி ஒரு காதில் வைத்துக்கொண்டார். இன்னொரு காதை எங்கள் ரேடியோ பக்கம் சாய்த்தார். செய்தி ஆரம்பித்தது. இரண்டு காதிலும் ஒரே குரல், ஒரே வார்த்தை. அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“அங்க மணி என்ன?”

“ஏழேகாலுங்க மாமா.”

எங்கள் கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து.

லோடு மேஸ்திரி பெரியசாமி தலையைச் சொறிந்தார். “வெள்ளிக்கெழம ராகுகாலத்துக்கு முந்தி வண்டி கெளம்பணும்பீங்க. டிரைவருங்க டீக்கடைய உட்டு வர மாட்டீங்கறாங்க. அதான் முள்ளக் கொஞ்சம் தள்ளி வெச்சனுங்க.”

வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சோத்துக்கு நேரத்துல வருவீங்கன்னு நானும் ஒருக்காத் தள்ளி வெச்சனுங்க.”

அத்தனை கண்ணும் அப்பா பக்கம் திரும்பின.

“நானும் ராகுகாலத்துக்காக ஒரு அஞ்சு நிமிசம் தள்ளி வெச்சேன்தான். ஆனா அதக் கழிச்சுத்தானே எழுதுனேன்!” என்று அப்பா கத்தினார்.

அவருடைய ஐந்தைத்தான் கழித்தார். மற்றவர்கள் தள்ளியது அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் லாரி ஒவ்வொன்றும் வந்ததற்குக் கால் மணி நேரம் பிந்தி வந்ததாகவே பதிவாகியிருக்கிறது. மேசைமேல் கிடந்த ரிசீவருக்குள் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்பா அதைப் பட்டென்று வைத்தார்.

வெள்ளிக்கிழமை அவர் எங்கேயும் கிளம்பவில்லை. ஆனால் மன்னிப்பென்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஊர் முன்னால் திருடன் என்றவர் இப்படி வாயை மூடிக்கொண்டது எனக்கு வலித்தது. இந்த மனசோடு இவர் எப்படி என்னைத் தாரைவார்ப்பார் என்று இருந்தது.

வைகாசியில் கல்யாணம். மணவறையில் உட்கார்ந்திருக்கிறோம். முகூர்த்தம் வந்துவிட்டதென்று ஒருவர், இன்னும் இல்லையென்று ஒருவர், ஆளாளுக்குக் கையைத் தூக்கி வாட்சைக் காட்டிச் சத்தம் போட்டார்கள். அப்பா கையமர்த்தினார். எல்லோரும் பார்த்திருக்க, மணவறையை நெருங்கிக் குனிந்தார்.

“மாப்ளை, உங்க வாட்சுல மணி என்னுங்க?”

அவர் சொன்னார். அப்பா அங்கேயே நின்று தன் வாட்சின் திருகை இழுத்து, அந்த மணிக்குத் திருத்திக்கொண்டார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, “இதுதான் சரியான மணி. எல்லாரும் இதுக்கு வெச்சுக்கங்க” என்றார்.

தலை குனிந்திருந்த எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.