"வேண்டாம்" இல்லாத அட்டை

சமுதாயக் கூடத்துச் சுவரில் பேராசிரியர் ஒட்டிய அட்டையில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஊரின் பழைய புதைமேட்டை இப்போதே தோண்டலாம், மழை முடிந்து தோண்டலாம், மெல்லத் தோண்டலாம். வேண்டாம் என்பவர்களுக்கு இடமில்லை. மேலே கொட்டை எழுத்தில் 'மக்களே நடத்தும் ஆய்வு' என்று போட்டிருந்தார்.

ஆளுக்கொரு நீல ஸ்டிக்கர். வந்தவர்களெல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அத்தை மட்டும் அட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் ஸ்டிக்கரைப் பேராசிரியரின் சட்டைப் பையில் ஒட்டினாள்.

"தோண்டி எடுக்கணும்னா முதல்ல இவர எடுங்க."

கூடம் குலுங்கிச் சிரித்தது. அத்தையின் அண்ணன் மகள் எலும்புக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அத்தைதான். மேட்டுக்குள் கிடப்பவர்களின் வம்சத்தில் தொல்லியல் படித்த முதல் பெண் அவள். இந்த அகழாய்வுக்கு அவளே தலைவி. ஒரு வீடு மறுத்தாலும் மண்வெட்டி இறங்காது என்று ஊர் கூடி விதி வகுத்திருந்தது. இறங்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவள் வேலை அம்போ.

"ஆழ்ந்த ஆன்மிகத் தயக்கம்" என்று முணுமுணுத்தபடி பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

"தயக்கமெல்லாம் இல்ல சார்," என்றாள் அத்தை. "போன தடவ எங்காளுங்கள தோண்டிப் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனீங்களே, எங்க அவங்க?"

"ரொம்பப் பத்திரமா இருக்காங்கம்மா. ஏ.சி. ரூம்."

"ஓ, ஏ.சி. பழகிடுச்சா? அதான் வீட்டுப் பக்கமே காணோம்."

பேராசிரியர் தன் பழைய மாணவியான எலும்புக்காரியிடம் திரும்பினார். "அத்தைய நீதாம்மா சமாளிக்கணும். இல்லன்னா பெரும்பான்மை சம்மதம்னு எழுதிடலாம்."

"ஒரு வீடு வேண்டாம்னாலும் வேண்டாம்தான் சார். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது சும்மா ஒரு மரியாதைக்குப் போட்டதும்மா."

அதுவரை அத்தையின் காலில் விழுந்தாவது சம்மதம் வாங்கிவிடலாம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் அந்த நினைப்பு விட்டுப்போயிற்று. விறுவிறுவென்று மேட்டுக்குப் போய், தோண்டும் இடத்தைக் குறிக்கக் காலையில் தானே அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி, கயிற்றைச் சுருட்டினாள்.

பின்னாலேயே வந்த அத்தையின் குரலில் காரம் குறைந்திருந்தது. "வேலை போனா என்னடி பண்ணுவ?"

"உங்க வீட்டுல வந்து உக்காந்துப்பேன்."

"வா. பாத்திரம் நிறையக் கிடக்கு."

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் பேராசிரியர். "இப்ப நான் என்னதாம்மா செய்யறது?"

"உங்க வண்டி காலியாத்தானே திரும்பப் போகுது சார்?" என்றாள் எலும்புக்காரி. " நாங்களும் வர்றோம். எங்காளுங்க இருக்கற பெட்டிங்கள ஏத்திக்கிட்டு வந்துடலாம்."

அனுமதி, குழு, நடைமுறை என்று அவர் ஆரம்பித்தார். அதற்குள் அத்தை வண்டியின் முன் சீட்டில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"பின்னாடி ஏறிக்கிட்டுப் பேசுங்க சார். தூரம் இருக்குல்ல, பொறுமையாக் கேட்டுக்கறோம்."