பம்ப்செட் எதிரே நிற்கும் காற்று

வெள்ளம் வடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, கடல் ஏற்றம் பாலாற்றின் வழியாகக் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்கு வந்து சேர்ந்தது. கடல் அங்கிருந்து அறுபது கிலோமீட்டர். ஆறு மணி நேரம் கழித்து வற்றம் வந்து தண்ணீரைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு முறை இது தவறியதில்லை. ஆற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் இது கடல் விவகாரம் என்று கடிதம் எழுதினார்கள். கடலைப் பார்த்துக்கொள்பவர்கள் காஞ்சிபுரத்தில் கடல் இல்லை என்று பதில் எழுதினார்கள். இரண்டுமே உண்மைதான் என்பதால் மேற்கொண்டு யாரும் எழுதவில்லை. அமாவாசை ஏற்றத்தில் கரையோரத் தறிக்குழிகளுக்குள் நண்டுகள் ஏறின. நெசவாளர்கள் கால்விரலை மடக்கிக்கொண்டு மிதிபலகையை மிதிக்கப் பழகினார்கள். முதல் மாதம் புகாராக இருந்த நண்டு இரண்டாம் மாதம் குழம்பாகியது. சைவ வீடுகளிலிருந்து அது வாளியில் பக்கத்துத் தெருவுக்குப் போனது.

ஏற்றம் வந்த செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து அஜித் என்ற கம்ப்யூட்டர்காரர் காரின் தலையில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு வந்தார். பலகையின் மேல் கழியில் கட்டிய ஒரு காற்றுப் பாய். அடியில் இடுப்பளவு நீளத்துக்கு ஒரு தண்டு, அதன் நுனியில் பருந்து இறக்கையைப் போன்ற ஒரு சிறகு. வேகம் பிடித்தால் அந்தச் சிறகு பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும், அதன்பின் ஆள் ஆற்றைத் தொடாமல் பறக்கலாம் என்றார். பதினோரு சனிக்கிழமைகள் அவர் பறக்கவில்லை. பாலாற்றுக் காற்று மெல்லிய காற்று. கிழக்கே இருந்து வருவதுபோல் காட்டி மேற்கே இருந்து வரும். பாதியில் மனம் மாறும். அவர் பாயை இழுத்து இழுத்துத் தோள்பட்டையை நோகவைத்துக்கொண்டதைக் கரையில் நின்று பார்த்துவந்த கலாவதி, பன்னிரண்டாம் சனிக்கிழமை வாய் திறந்தாள்.

“காத்து வர்றதுக்கு முன்னாடியே இழுத்துக்கினு இருக்கிறியேப்பா. அது வந்து ஒக்காரட்டும், அப்புறம் இழு.”

“நீங்க வேணா நின்னு பாருங்கக்கா” என்றார் அஜித், கொஞ்சம் கோபமாகத்தான்.

கலாவதிக்கு வயது முப்பத்தொன்பது. இருபத்து மூன்று வருடமாகத் தறியில் உட்கார்ந்தவள். ஓர் இழை தளர்ந்தால் அவள் பாதத்துக்குத் தெரியும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு சின்னக் காற்று வந்தது. பாயை மூன்று முறை விசிறினாள். பலகை எழும்பியது, தண்ணீர்ச் சத்தம் நின்றது, அடியில் சிறகு மட்டும் மெல்ல முனகியது. காற்று ஓய்ந்த பிறகும் அவள் வேகமே அவளுக்குக் காற்றாகிப் பறந்துகொண்டிருந்தாள். அஜித் பலகையை அவளிடமே விட்டுவிட்டு, பதிலுக்குத் தன் கல்யாணத்துக்கு ஓர் அரக்குநிறப் புடவை நெய்து தரச் சொல்லிவிட்டு, நிம்மதியாக ஊர் திரும்பினார்.

இதன்பின் நடந்ததற்குக் காற்றுதான் பொறுப்பு என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். தென்கரையில் தர்மனுடைய கழனியும் பம்ப்செட்டும் இருக்கின்றன. தர்மன் மூன்று தம்பிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த மும்முரத்தில் தன்னுடையதை மறந்துபோன நாற்பத்தாறு வயதுக்காரர். அந்தப் பம்ப்செட்டுக்கு நேராக வந்ததும் கலாவதியின் பாயைச் சுற்றி ஒரு புடவை அகலத்துக்கு மட்டும் காற்று நின்றுவிடும். பலகை இறங்கிவிடும். ஏற்றம் அவளைக் கரையில் கொண்டுபோய் வைக்கும்.

“காத்து நின்னுடுச்சாம்மா?” என்று கேட்டார் தர்மன், முதல் நாள்.

“ஆமாங்க.”

“இனிமே வத்தம். சிறகு மணல்ல இடிக்கும். மறு ஏத்தத்துக்கு நேரம் இருக்குது. மோர் குடிக்கிறீங்களா?”

குடித்தாள். வாரத்துக்கு மூன்று நாள் குடிக்க நேர்ந்தது. நாலாவது மாதம் ஒருநாள் தர்மன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “தென்ன மட்டை ஆடுதே” என்றார். “அது மேல் காத்துங்க” என்றாள் கலாவதி. அவர் மோருக்கு உப்புப் போடப் போனார்.

கலாவதியின் அண்ணன் வேலாயுதம் வார்டு கவுன்சிலர். தங்கைக்கு வந்த பதினான்கு வரன்களை அவளைக் கேட்காமலே திருப்பி அனுப்பியவர். நெசவுக்காரர் வீட்டுப் பெண் கழனிக்காரர் வீட்டு மோர் குடிப்பது அவர் காதுக்கு வந்த அன்று, கத்தரிக்கோலை எடுத்துப் பாயை நாலாக வெட்டினார். கலாவதி அழவில்லை, சண்டை போடவில்லை. கொல்லையில் சுருட்டி வைத்திருந்த அவருடைய பிறந்தநாள் பேனரை எடுத்துக் கழியில் கட்டினாள். மறுநாள் முதல், கைகூப்பிச் சிரிக்கும் வேலாயுதம் ஆள் உயரத்தில் ஆற்றின் மேல் பறந்தார். காற்று வந்தால் கன்னம் உப்பியது, ஓய்ந்தால் தாடை தொங்கியது. வாரத்துக்கு மூன்று முறை தர்மனின் கழனிக்குப் போய்க் கும்பிடு போட்டார்.

அப்போது பார்த்துத் தேர்தல் அறிவித்தார்கள். பேனரைப் பறிமுதல் செய்யப் பறக்கும் படை ஜீப்பில் வந்து கரையில் நின்றது. அதிகாரி கையிலிருந்த விதியில் சுவர், மரம், கம்பம், வாகனம் எல்லாம் இருந்தன. கலாவதி எதிலும் படாமல் அவர்கள் கண்ணெதிரே மூன்று முறை போய்வந்தாள். “பறந்துகொண்டிருந்ததால் பறக்கும் படையால் பிடிக்க இயலவில்லை” என்று எழுதிக்கொண்டு, வேலாயுதத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை வேலாயுதம் நோட்டீஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேனரைக் கிழித்தெறிய ஆற்றில் இறங்கினார். முடிச்சு எட்டவில்லை. பலகை மேல் ஏறிக் கழியைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து உட்கார்ந்தது. எண்பத்தாறு கிலோ வேலாயுதம், வேட்டி படபடக்க, தன் முகத்தைத் தானே கட்டிக்கொண்டு தண்ணீரை விட்டு எழுந்தார். பாலத்தில் பஸ் நின்றது. பம்ப்செட்டுக்கு நேராக வந்ததும் அவரைச் சுற்றியும் காற்று நின்றது.

தர்மன் துண்டு கொடுத்தார். மோர் கொடுத்தார். வத்தம் என்றார். கலாவதி அண்ணனின் பிரஷர் மாத்திரையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு பாலம் சுற்றி பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது, வேலாயுதம் பம்ப்செட் மேடையில் ஈர வேட்டியோடு சின்னவராகிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“நீ வேணும்னுதான் எறங்குறேன்னு நெனச்சேம்மா” என்றார். “காத்து நெஜமாவே நிக்குது. உன்ன நம்பாம போயிட்டேன்.”

கலாவதி டிபன் பாக்ஸைத் திறந்துவைத்தாள். பொய் சொல்ல நல்ல சமயம்தான். அவளுக்குப் பிடிக்கவில்லை.

“மொத மூணு மாசம் நெஜமாதாண்ணா நின்னுச்சு. அப்புறம் நிக்கல. நானேதான் எறங்கினேன்.”

வேலாயுதம் தர்மனைப் பார்த்தார். தர்மன் தென்னை மரத்தைப் பார்த்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. வேலாயுதம் வெகுநேரம் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். பதினான்கு வரன்களில் ஒருவரைப் பற்றியாவது இவளிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம் என்பது அந்த நேரத்தில்தான் அவருக்குத் தோன்றியது. மாத்திரையை விழுங்கிவிட்டு, “தையில வெச்சுக்கலாமா, மாசியா?” என்றார், யாரையும் பார்க்காமல்.

தையிலேயே வைத்தார்கள். கலாவதி இப்போது தென்கரையில் குடியிருக்கிறாள், தறி வடகரையில். அண்ணனே புதுப் பாய் வாங்கிக் கொடுத்தார். போன வாரம் பாலத்தில் போன பஸ்ஸில், வேலைக்குப் புதிதாக வந்த கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு மேலே யாரோ ஒரு அம்மா போவதாகச் சொன்னார். பயணிகள் யாரும் திரும்பவில்லை. முன் சீட்டில் இருந்தவர் மட்டும் சில்லறையை நீட்டியபடி, “தறிக்குப் போயிக்கினு இருக்காங்கப்பா. பஸ் ஸ்டாண்டு ஒண்ணு குடு” என்றார்.