ஏழாம் வாசல் இல்லை, ஒன்றாம் வாசல்

கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் மெட்ரோ ரயிலை விட்டு இறங்கி வெளியே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கடல் அல்ல, ஸ்தமாத்தியாவின் தள்ளுவண்டி. எள் தூவிய வளைய ரொட்டி விற்கிறாள். ரொட்டி வாங்குகிறவர்களைவிட அவளிடம் வழி கேட்கிறவர்கள்தான் அதிகம். எங்கள் துறைமுகத்துக்குப் பன்னிரண்டு வாசல். எந்தத் தீவுக்கு எந்த வாசல் என்று தெரியாமல் வந்தால், நாம் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும்போதே கப்பல் கிளம்பிவிடும்.

நான் பாண்டெலிஸ். அவள் வண்டிக்குப் பக்கத்தில்தான் எங்கள் டாக்ஸி வரிசை. வழி தெரியாத ஜனங்களால்தான் எங்களுக்குச் சவாரி. அதனால் ஸ்தமாத்தியா வாயைத் திறந்தாலே எங்களுக்கு எரிச்சல்.

"அக்கா, ரொட்டிய வித்தமா போனமான்னு இரு. ஊருக்கே வழிகாட்டுற வேலைய உன்கிட்ட யாரு குடுத்தா?" என்பேன்.

"வாயக் குடுத்த சாமிதான். நீ உன் ஹாரன அடி" என்பாள்.

போன ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மலைப்பக்கத்து மெத்சொவோவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஃபோட்டிஸுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். கறுப்புக் கோட்டு, அந்த வெயிலில். அவர் மனைவி அரெத்தி, துணியில் சுற்றிய ஒரு முழுப் பாலாடைக்கட்டி உருளையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். கலிம்னோஸ் தீவில் மறுநாள் சாயங்காலம் மகளுக்குக் கல்யாணம். இரண்டு பேருமே அதுவரை கப்பல் ஏறியதில்லை.

"கலிம்னோஸ் கப்பல் எங்கம்மா நிக்கும்?" என்று அவர் கேட்டார்.

"எதிர்லதான் ஐயா, ஏழாம் வாசல். ரோட்ட கடந்தா வந்துரும். அவசரமே படாதீங்க" என்றாள் ஸ்தமாத்தியா.

அந்தக் கப்பலை அந்த வாரம்தான் ஒன்றாம் வாசலுக்கு மாற்றியிருந்தார்கள். ஒன்றாம் வாசல் துறைமுகத்தின் மறுகோடியில். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் ஒருவரை அங்கே இறக்கிவிட்டு வந்திருந்தேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பேசாமல் காபியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படியும் திரும்பி வருவார்கள், அப்போது அவசரத்தில் டாக்ஸி தேடுவார்கள் என்று ஒரு கணக்கு.

அவர்கள் திரும்பித்தான் வந்தார்கள். ஆனால் கப்பல் போய் அரை மணி நேரம் கழித்து. ஏழாம் வாசலில் ஏதோ ஒரு வரிசையில் நின்றிருக்கிறார்கள். முன்னால் போய்ச் சீட்டை நீட்டியதும்தான் இடம் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஃபோட்டிஸ் வண்டியின் மேல் ஓங்கி ஒரு அறை வைத்தார். ரொட்டிகள் குதித்தன. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! என் பொண்ணு கல்யாணம்மா!"

 அரெத்தி பாலாடைக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்தமாத்தியா அவளைத்தான் பார்த்தாள். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மேலங்கியைக் கழற்றி வண்டியின் மேல் போட்டு மூடினாள்.

"எந்திரிங்கம்மா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல நீங்க இருப்பீங்க. எப்படின்னு இப்பத் தெரியாது. ஆனா இருப்பீங்க."

எதிரே இருந்த மூன்று சீட்டு ஏஜென்சிகளிலும் ஏறி இறங்கினாள். முதல் இரண்டில், அடுத்த கலிம்னோஸ் கப்பல் ஞாயிற்றுக்கிழமைதான் என்று கையை விரித்தார்கள். மூன்றாவது கடையில் இருந்த பெண்ணிடம் அவள் கேள்வியை மாற்றினாள். "கலிம்னோஸ் வேண்டாம்மா. அதுக்குப் பக்கத்துத் தீவு எது? அங்க இன்னைக்கு எது போகுது?"

மூன்று மணிக்குக் கோஸ் தீவுக்கு ஒரு கப்பல் இருந்தது. விடிகாலையில் போய்ச் சேரும். அங்கே மஸ்திஹாரி என்ற சின்னத் துறையிலிருந்து கலிம்னோஸுக்குப் படகு. முக்கால் மணிப் பயணம். ஸ்தமாத்தியா ரொட்டி சுற்றும் காகிதத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தாள். எங்கே இறங்குவது, யாரிடம் கேட்பது, எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம்.

வெளியே வந்து நேராக என் டாக்ஸிக்கு வந்தாள். "கோஸ் கப்பல் எந்த வாசல்டா?"

"ஒண்ணு" என்றேன்.

"கலிம்னோஸ் கப்பல்?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "அதுவும் ஒண்ணுதான் அக்கா. இந்த வாரந்தான் மாத்துனாங்க. நீ ஏழுன்னு சொன்னப்ப எனக்குக் கேட்டுச்சு."

அறைவாள் என்று நினைத்தேன். "டிக்கியைத் திற" என்றாள். அவ்வளவுதான். 

ஒன்றாம் வாசலில் கப்பலின் சரிவுப்பாதை வரை அவளே பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். சிப்பந்தியிடம் அவர்களைக் கைகாட்டி, கோஸில் எழுப்பிவிடச் சொன்னாள். ஃபோட்டிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கத்திட்டேன்மா."

"கத்த வேண்டியதுதான். ஏறுங்க."

சனிக்கிழமை இரவு, சீட்டுக் கொடுத்த ஏஜென்சிப் பெண்ணின் போனுக்கு ஒரு கல்யாணப் படம் வந்தது. கறுப்புக் கோட்டுடன் ஃபோட்டிஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்தமாத்தியாவிடம் காட்டினார்கள். அவள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், சிரிக்கவில்லை. திங்கட்கிழமை விடியும்போது பன்னிரண்டு வாசலையும் கால்நடையாகச் சுற்றிவிட்டு வந்தாள். ஒரு கரும்பலகையில் அன்றைய கப்பல், தீவு, வாசல், நேரம் எல்லாம் எழுதி வண்டியில் மாட்டினாள். கீழே, 'ஒன்றாம் வாசலுக்கு நடக்காதீர்கள், உள்ளே இலவச பஸ் உண்டு' என்று ஒரு வரி.

எங்கள் வரிசையே கொதித்தது. மூத்த டிரைவர் ஸ்தேலியோஸ் கத்தினார். "எங்க பொழப்புல மண்ணைப் போடுறியா?"

"தப்பான வாசலுக்குப் போனவன் காசுலதான் உன் பொழப்பு நடக்கணும்னா, அந்தப் பொழப்புல மண்ணு விழட்டும்."

பத்து நாளில் ஒரு துறைமுக அதிகாரி வந்தார். வண்டியில் ரொட்டி விற்கத்தான் அனுமதி, பலகை வைக்க அனுமதி இல்லை என்றார்.  அவள் பலகையைக் கழற்றி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இப்ப வண்டில ஒண்ணும் இல்ல சார். பாத்துக்குங்க."

 அவர் பலகையைக் குனிந்து படித்துவிட்டு, "நாக்சோஸ் கப்பல் அரை மணி நேரம் லேட்டு, மாத்தி எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் எழுத்தில் அனுமதி கேட்டு அவள் போட்ட மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. மூன்றாவது மனுவும் போட்டிருக்கிறாள்.

எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜூலை முதல் வாரத்தில் ஒரு விடிகாலை, அவள் மூன்றாம் வாசலருகே காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். "ஏறு அக்கா. நான் சுத்திக் காட்டுறேன்."

"மீட்டர்?"

"அணைச்சாச்சு."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். அதிலிருந்து தினமும் காலையில் இப்படித்தான். ஸ்தேலியோஸ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வரிசையில் யாரும் எனக்குக் காபி வாங்குவதில்லை. கோடைக்காலச் சவாரியும் கொஞ்சம் குறைந்துதான் போனது.

இன்று காலை மழைத் தூறல். எனக்குச் சோம்பல். "கிரீட் கப்பல் இன்னைக்கு மூணாம் வாசல்னு பேசிக்கிட்டாங்க. எழுதிக்க, திரும்பிடலாம்" என்றேன்.

"பேசிக்கிட்டாங்களா? நீ பாத்தியா?"

"பாக்கல."

அவள் சாக்பீஸைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுக் கண்ணாடி வழியே முன்னால் பார்த்து உட்கார்ந்தாள். நான் வண்டியை மூன்றாம் வாசலுக்குத் திருப்பினேன்.